மணலில் அமிழாத சில்லுகள்

மோட்டார் வண்டியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதன் எந்திரத்தைப் பற்றியே கூறுவர். ஆனால், எந்திரத்தின் வலு முழுவதும் நிலத்தைச் சென்றடைவது டயர்கள் நிலத்தைத் தொடும் சிறு இடங்களின் வழியாகவே. அந்த இடம் புதைந்துவிட்டால் எத்துணை வலிய எந்திரமும் பயனற்றதாகிவிடும். வீதியில்லாத நிலத்தில் ஓடும் வண்டிக்கு, உற்பத்திச்சாலை தந்த சில்லிலேயே பெரிய டயரைப் பூட்டும் வழக்கம் இன்று உலகெங்கும் காணப்படுகின்றது. அது எந்தத் தேவையிற் பிறந்தது, அதற்குக் கொடுக்கவேண்டிய விலை யாது என்பவற்றை, நேயர்களே, இப்பேச்சில் நோக்குவோம்.

காற்றடைத்த டயருக்கு முதன்முதலாக 1845 ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர் றொபேட் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்தியர். அது மறக்கப்பட்டபின், 1888 இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் டன்லப் அதனை மீண்டும் உருவாக்கினார். அக்காலத்து டயர்கள் ஒடுங்கியவை. உள்ளே காற்றும் மிகுந்த அமுக்கத்தில் இருந்தது. புகழ்பெற்ற போர்ட் 'ரி' வண்டியின் முன் டயர் நெடுங்காலம் மூன்று அங்குல அகலமே உடையதாயிருந்தது. 1923 ஆம் ஆண்டளவிலேதான் அகன்றதும் அமுக்கம் குறைந்ததுமான 'பலூன்' டயர்கள் விற்பனைக்கு வந்தன. அவை பயணிகளின் உடல் நோகாதிருத்தற்பொருட்டே செய்யப்பட்டன. பாலைவனத்தை எவரும் அப்போது எண்ணவில்லை.

பாலைவனத்தில் ஓட டயரை நம்பலாகாது என்பது அக்காலத்தவர் சிலரின் கருத்து. 1922 டிசம்பரில் சகாராவைக் கடக்கப் புறப்பட்ட பிரெஞ்சுச் சித்ரோயன் குழுவினர், பின்சில்லுகளுக்குப் பதிலாக இறப்பர்ப் பட்டிகளைப் பூட்டிய வண்டிகளிலேயே சென்று, 1923 ஜனவரியில் திம்பக்டுவை அடைந்தனர்.

இக்கருத்தை மாற்றியவருள் முதன்மையானவர் றல்ப் பாக்னோல்ட் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி. எகிப்தில் பணிபுரிந்த அவர், விடுமுறைக் காலங்களில் நண்பர்களுடன் சாதாரண போர்ட் வண்டிகளில் லிபியப் பாலைவனத்துட் புகுந்தார். 1929, 1930 ஆம் ஆண்டுகளில் அவர்கள் கொண்டுசென்ற போர்ட் 'ஏ' வண்டிகளில் பின்சில்லுகள் மட்டுமே உந்துவன. அங்கே வண்டி புதைந்து மீளாவிடின் தண்ணீரின்றி மாள்வதே முடிவு. ஆதலால் மணலின் இயல்பை அவர்கள் உயிரைப் பணயமாக வைத்துக் கற்றனர். டயரிலுள்ள காற்றைக் குறைத்தால் வண்டி அமிழாது மணலின்மீது செல்லும் என்பது அவர்கள் கைக்கொண்ட பாடங்களுள் ஒன்று.

இதன் காரணம் எளிது. டயர் நிலத்தை அமுக்கும் அளவு, அதனுள்ளிருக்கும் காற்றின் அமுக்கத்துக்கு ஏறத்தாழச் சமமாகும். மூவாயிரம் இராத்தல் நிறையுள்ள வண்டியில் ஒவ்வொரு சில்லும் 750 இராத்தலைத் தாங்குகின்றது எனக் கொள்வோம். காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இராத்தலாயின், டயர் 25 சதுர அங்குல நிலத்தைத் தொடும். அதனை 15 ஆகக் குறைத்தால் 50 சதுர அங்குலத்தைத் தொடும். ஒட்டகத்தின் பாதம் மணலில் விரிவதுபோல டயரும் விரிகின்றது. ஆனால் சிறிய டயரில் காற்றை மிகக் குறைத்தால் அதன் பக்கச்சுவர் மடிந்து, சூடேறிச் சிதையும். பெரிய டயரோ குறைந்த அமுக்கத்திலும் அதே சுமையைத் தாங்கும். பெரிய டயரைத் தேடியதன் உண்மைக் காரணம் இதுவே.

1940 ஆம் ஆண்டில் பாக்னோல்ட் கெய்ரோவில் நெடுந்தொலைப் பாலைவனப் படையை அமைத்தபோது, இவ்வனுபவம் போருக்குப் பயன்பட்டது. பின்னர் 1942 இல் அப்படை பெற்ற செவர்லே லொறிகளில் 10.50 அங்குல அகலமும் 16 அங்குல ரிம்மும் கொண்ட டயர்கள் இருந்தன. அவையும் பின்சில்லுகளால் மட்டுமே உந்தப்பட்டவை. அதே ஆண்டில் அமெரிக்கர் 'டக்' எனப்பட்ட நீர்நில வாகனத்தை உருவாக்கினர். அதன் சாரதி தம் ஆசனத்திலிருந்தே டயர்களின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. 1943 இல் சிசிலிக் கரையிலும், 1944 இல் நோர்மண்டிக் கரையிலும் அது கடலிலிருந்து மணலுக்கும் மணலிலிருந்து வீதிக்கும் ஏறிச் சென்றது.

போருக்குப்பின் இவ்வழக்கம் பொதுமக்களிடம் வந்தது. போர்க்கால ஜீப்பும், அதனைப் பார்த்து 1948 இல் வெளியான லாண்ட் றோவரும் 6.00 அங்குல அகலமும் 16 அங்குல ரிம்மும் கொண்ட டயர்களுடன் வந்தன. அதே 16 அங்குலச் சில்லில் 7.50 அங்குல டயரையும் ஏற்றலாம் என்பதை உரிமையாளர் விரைவில் கண்டனர். டயரின் குறுக்களவு ஏறத்தாழ 28 அங்குலத்திலிருந்து 32 ஆக உயர்கின்றது. அச்சு இரண்டு அங்குலம் மேலெழும். கற்களும் சேறும் அடியில் முட்டுவது குறையும்.

ஆனால் இந்நன்மை இலவசமாக வருவதன்று. வேகமானி 35 மைல் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 40 மைல் வேகத்தில் ஓடும். சில்லுகள் நிலத்தைத் தள்ளும் வலு எட்டில் ஒரு பங்கு குறையும். தடுப்பின் பிடியும் அவ்வாறே குறையும். திருப்பும்போது டயர் வில்லிலோ தகட்டிலோ உராயலாம். நெளிந்துகொடுக்கக் கூடுதற் பாரம் ஏறிய அச்சுத்தண்டு, துணையற்ற இடத்தில் முறியவுங் கூடும். யாவற்றிலும் பெரிய வரம்பை விதிப்பது ரிம்மின் அகலமே. ஒடுங்கிய ரிம்மில் மிகப் பருத்த டயரை ஏற்றிக் காற்றையும் குறைத்தால், வளைவில் டயரின் விளிம்பு ரிம்மைவிட்டு நழுவிவிடும்.

இவ்வரம்பைத் தெளிவாகக் கண்டவர் ஐஸ்லாந்து மக்கள். பனிப்பாறைகளின்மேல் ஓட்டுவதற்கு 38 அங்குல டயர்களைப் பூட்டி, அமுக்கத்தை இரண்டு மூன்று இராத்தல் வரை இறக்கிய அவர்கள், உற்பத்திச்சாலைச் சில்லை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் செல்லமுடியாதென அறிந்தனர். ஆகவே அகன்ற ரிம், வெட்டி விரித்த சேற்றுத்தகடு, மாற்றிய பற்சக்கரம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே அமைத்தனர்.

பெரிய டயரைத் தோற்றத்துக்காகப் பூட்டி, அதனுள் வழக்கமான அமுக்கத்திலேயே காற்றை நிரப்பி ஓட்டுவோர் இன்று பலர். அவர்கள் விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளைப் பெறாது திரும்புகின்றனர். மணற்கடலுக்குட் சென்றவர்கள் உயிர்தப்பியதற்குப் பெரிய சில்லு மட்டும் காரணமன்று; நிலம் தாங்கக்கூடிய பாரம் எவ்வளவு என்பதை அறிந்து, அதற்கேற்ப டயரின் காற்றை அளந்து வைத்தமையே காரணமாகும்.