நீர் முறையும் முறை மாற்றமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருப்பது படுவான்கரை. கிழக்கே இருப்பது எழுவான்கரை. படுவான்கரையின் பரந்த வெளிகளில் வேளாண்மை தனியொருவர் செயலன்று. துருசு திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், வேலி அடைக்கும் நாள், மாடுகளை அப்புறப்படுத்தும் நாள் என ஒவ்வொன்றும் வரிசையாக நிகழ்தல் வேண்டும். ஒருவர் பிந்தினால் அயலவர் பயிருக்குக் கேடு நேரும். இவ்வரிசையைக் காத்துவந்தவர் வட்டை விதானை. அவருக்குரிய ஊதியம் நெல்லாகவே அளக்கப்பட்டது.

நன்கு இயங்கும் இத்தகைய ஒழுங்கை மாற்றுவது எளிதன்று என்பதற்கு இலங்கை வரலாறு சான்று பகரும்.

1832ஆம் ஆண்டில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. அது மக்களுக்கு விடுதலை அளித்த செயலே. ஆயினும், குளக்கட்டைத் திருத்தும் பணியில் தன் பங்கைச் செய்யாதவரைச் செய்விக்கும் வழியும் அதனோடு மறைந்தது. அதற்கு ஈடாக வேறொன்று அமைக்கப்படவில்லை. குளங்கள் பல பழுதுற்றன.

இக்குறையை உணர்ந்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நெற்காணி நீர்ப்பாய்ச்சலுக்குரிய பண்டைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்த எழுந்தது. வழக்கங்கள் ஊர்தோறும் வேறுபட்டன. ஆதலின் ஒரே விதியை எங்கும் சுமத்தாது, அவ்வவ்வூர்க் காணிக்காரர் கூடித் தம் வழக்கத்தை உறுதிசெய்ய அச்சட்டம் இடமளித்தது. அவர் காலத்திலேயே இறக்காமம், அம்பாறைக் குளங்களும் திருத்தப்பெற்றன.

மீண்டும் 1958இல், பிலிப் குணவர்தன கொணர்ந்த நெற்காணிச் சட்டம் விதானைப் பதவியை நீக்கியது. அவ்விடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது. குத்தகைக் குடிகளுக்குப் பாதுகாப்பளித்த அச்சட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. ஆனால், விதானை நாள்தோறும் வாய்க்காலைச் சுற்றிவந்து செய்த பணியைக் குழுக்கூட்டம் ஒன்று செய்துவிட முடியுமா? 1970களில் அக்குழுக்களின் அமைப்பும் மாறிற்று. 1979இல் கமநல சேவைகள் சட்டம் வந்தது. எனினும் மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் வட்டை விதானை என்னும் பெயரும் பணியும் மறையவில்லை. உழவரே அவரைத் தெரிந்தெடுத்துக்கொண்டனர்.

இவ்வயல்களில் இன்னொரு நல்வழக்கமும் உண்டு. போகம் தொடங்குமுன் கூட்டம் கூடித் திகதிகளை முடிவுசெய்வர். விதைத்தபின் அவற்றை விரும்பியவாறு மாற்றுவதில்லை. இன்று அலுவலகங்களில் கோவைகளைக் கணினியே படிமுறையாக நகர்த்துகிறது. அங்கும் விதியை மாற்றுவோர் இரண்டு கேள்விகளுக்கு விடை காணவேண்டும். பாதிவழியில் நிற்கும் கோவை எந்த விதிப்படி முடியும்? நீக்கப்படும் படி இதுவரை செய்துவந்த வேலையை இனி யார் செய்வார்? 1832இல் இரண்டாவது கேள்வி கேட்கப்படாமற் போனதன் விலையைக் குளங்கள் கொடுத்தன.