சத்திரம் முதல் அரண்மனை விடுதி வரை: இருவர் தங்க ஓர் இடம்

தமிழில் ‘ஹோட்டல்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது இட்லியும் காப்பியும்தான். ‘ஹோட்டலுக்குப் போகலாமா?’ என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் மசால் தோசையைத்தான் நினைக்கும். இரவு தங்கும் இடத்துக்கு நம்மிடம் வேறு சொற்கள் உண்டு: சத்திரம், சாவடி, லாட்ஜ், விடுதி. இந்தச் சொற்குழப்பத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. காசு கொடுத்து, சுகத்துக்காக, வேறு வேலை எதுவும் இல்லாமல் ஓர் இடத்தில் போய்த் தங்குவது நமக்குப் பழக்கமில்லாத செயல்.

அதிலும் வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு விடுமுறை என்றாலே ஊர்தான். குலதெய்வம், கல்யாணம், காதுகுத்து, பெரியவர்களைப் பார்ப்பது என்று இருக்கிற லீவெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். கணவனும் மனைவியும் மட்டுமாக இரண்டு நாள் எங்கேயாவது போனார்களா என்றால், பல வீடுகளில் பதில் ஒரு சிரிப்புதான். ஒன்றரை அறை வீட்டில் மாமனார் மாமியார், பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்த தம்பி என்று எல்லோரோடும் முப்பது வருடம் ஓட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்! இப்போது அவர்களுடைய பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். அப்பா அம்மாவின் திருமண நாளுக்கு நல்ல ஹோட்டலாகப் பார்த்து இரண்டு இரவுக்கு ஏற்பாடு செய்ய நினைக்கிறார்கள். தேடிப் பார்த்தால் எல்லாமே ‘ஹெரிடேஜ்’, எல்லாமே ‘பூட்டிக்’, எல்லாமே ‘லக்சுரி’. எதை நம்புவது? நம் நாட்டு நகர விடுதிகளின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தர்மமாக இருந்த தங்குமிடம்

நம் பழைய தங்குமிடங்கள் வியாபாரத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் வழியில் பல சத்திரங்களைக் கட்டி, அவற்றுக்கு நிலமும் எழுதிவைத்தார்கள். வழிப்போக்கர்களுக்கு அங்கே சோறும் இடமும் கிடைத்தன. ஒரத்தநாட்டில் உள்ள முத்தம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முத்தம்பாளின் நினைவாக 1800களின் தொடக்கத்தில் எழுப்பியது. காதலிக்காகக் கட்டிய மாளிகை என்றால் உலகம் ஆக்ராவைத்தான் சொல்லும். நம் பக்கத்தில் அந்த அன்பு ஊரார் தங்கிச் சாப்பிடும் ஓர் இடமாக நின்றது.

கூலி வாங்கிக்கொண்டு அறை கொடுக்கும் ஐரோப்பிய முறை ஹோட்டல் கப்பலோடு வந்தது. அதனால் முதலில் துறைமுக நகரங்களில்தான் வேர்விட்டது.

கல்கத்தா: சாக்கடையும் சரவிளக்கும்

கல்கத்தாவில் ஸ்பென்ஸஸ் ஹோட்டல் 1830இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். அது இன்று இல்லை. அடுத்து வந்தவர் டேவிட் வில்சன் என்ற ரொட்டி வியாபாரி. 1840களின் தொடக்கத்தில் அவர் நிறுவிய ஹோட்டலுக்கு அன்றைய கவர்னர் ஜெனரல் ஆக்லாந்து பிரபுவின் பெயரை வைத்தார். பின்னாளில் அதுவே கிரேட் ஈஸ்டர்ன் ஆனது. பெரும்புகழோடு இருந்த அந்த விடுதி சுதந்திரத்துக்குப் பின் நலிந்து, 1970களில் மாநில அரசின் கைக்குப் போய், 2005இல் தனியாருக்கு விற்கப்பட்டு, 2013இல் லலித் கிரேட் ஈஸ்டர்ன் என்ற பெயரில் மறுபடி திறந்தது.

அதே நகரத்துச் சௌரங்கியில் இருக்கும் கிராண்ட் ஹோட்டலின் கதை இன்னும் படிப்பினை உள்ளது. அதை வளர்த்தவர் ஆரத்தூன் ஸ்டீபன் என்ற ஆர்மீனியர். 1930களில் அங்கே தங்கியவர்கள் சிலர் டைபாய்டு கண்டு இறந்தார்கள். கழிவுநீர்க் குழாய்களின் சீர்கேடே காரணம் என்று பேசப்பட்டது. 1937இல் ஹோட்டலே மூடப்பட்டது. ஐந்நூறு அறை, பால்ரூம், சரவிளக்கு எல்லாம் இருந்து என்ன பயன்?

மூடிக் கிடந்த அந்தக் கட்டடத்தை 1938இல் குத்தகைக்கு எடுத்தவர் மோகன் சிங் ஓபராய். 1922இல் சிம்லாவின் செசில் ஹோட்டலில் மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1934இல் சிம்லாவிலேயே கிளார்க்ஸ் ஹோட்டலை வாங்க மனைவியின் நகைகளை அடகு வைத்தார். இன்று உலகப் புகழ்பெற்ற ஒரு ஹோட்டல் குடும்பத்தின் அஸ்திவாரத்தில் ஒரு பெண்ணின் நகை இருக்கிறது! நம் வீடுகளிலும் கடை வைத்ததற்கும் பிள்ளை படித்ததற்கும் இதே கதைதானே.

பம்பாய்: நின்ற கட்டடமும் நலிந்த கட்டடமும்

பம்பாய் காலா கோடாவில் வாட்சன் ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. அதன் இரும்புச் சட்டங்கள் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டு, துண்டு துண்டாகக் கப்பலில் வந்து, 1860களின் இறுதியில் இங்கே பூட்டப்பட்டன. 1896 ஜூலை 7ஆம் தேதி லூமியேர் சகோதரர்களின் சலனப்படம் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது அங்கேதான். அது வெள்ளைக்காரர்களுக்கான ஹோட்டல். ஜாம்ஷெட்ஜி டாட்டாவை அங்கே உள்ளே விடவில்லை, அந்த ரோஷத்தில்தான் அவர் தாஜைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு; டாக்ஸிக்காரர்கூடச் சொல்வார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உறுதியான ஆதாரம் கிடைத்தபாடில்லை. 1896இல் பிளேக் வந்து நகரமே ஒடுங்கிக் கிடந்தபோது, பம்பாயின் பெயரைத் தூக்கி நிறுத்த அவர் விரும்பினார் என்ற விளக்கம் இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

தாஜ் மகால் ஹோட்டல் 1903 டிசம்பர் 16இல் திறந்தது. வரைபடத்தைத் தொடங்கியவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி.என். மிர்சா என்ற இந்தியர்கள். முடித்துவைத்தவர் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். பலர் நினைப்பதுபோல கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் பக்கத்தில் தாஜ் வரவில்லை. கேட்வே முடிந்தது 1924இல்தான். தாஜ் அதற்கு 21 வருடம் மூத்தது. முதல் உலகப்போரில் 600 படுக்கை ஆஸ்பத்திரியாகவும் இருந்தது. 2008 நவம்பர் 26 தாக்குதலில் தீப்பற்றி எரிந்ததை நாமெல்லாம் நெஞ்சு பதறப் பார்த்தோம். டவர் பகுதி அந்த டிசம்பரிலேயே திறந்தது. பழைய அரண்மனைப் பகுதியைச் செப்பனிட்டு 2010 ஆகஸ்ட் 15இல் திறந்தார்கள்.

வாட்சன் என்ன ஆனது? விடுதி நின்றுபோய், எஸ்பிளனேட் மேன்ஷன் என்ற பெயரில் சின்னச் சின்ன அறைகளாகத் தடுக்கப்பட்டு வக்கீல் ஆபீஸ்களுக்கும் குடித்தனங்களுக்கும் வாடகைக்குப் போனது. பழைய வாடகையில் பராமரிப்புக்கு யார் செலவு செய்வார்கள்? 2005இல் ஒரு பகுதி இடிந்து விழுந்து உயிர்ச்சேதம் ஆயிற்று. 2019இல் குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். இரண்டு கட்டடங்களுக்கும் இடையே நடந்து போகும் தூரம்தான். ஒன்றுக்கு வருமானமும் கவனிப்பும் இருந்தன. மற்றதற்கு இரண்டும் போயின.

அரண்மனைகள் அறைகளான கதை

சுதேச சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்த பிறகு ராஜாக்களிடம் அரண்மனை இருந்தது, அதைக் கட்டிக்காக்கும் வரி வருமானம் இல்லை. ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் மான்சிங் தாம் குடியிருந்த ராம்பாக் அரண்மனையை 1957இல் ஹோட்டலாக்கினார். உதய்ப்பூர் பிச்சோலா ஏரி நடுவே 1740களில் கட்டிய ஜக் நிவாஸை மகாராணா பகவத் சிங் 1963இல் லேக் பேலஸ் என்ற விடுதியாகத் திறந்தார். 1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்ததும் மற்ற பலரும் அதே வழியில் போனார்கள். ஒரு காலத்தில் நம்மைப் போன்றவர்கள் வாசலில்கூட நிற்க முடியாத இடத்தில், பணம் கட்டினால் படுத்து உறங்கலாம் என்று ஆனது. இதையும் ஜனநாயகத்தின் ஒரு பயன் என்று கொள்ளலாம். விலையைப் பார்த்தால் சந்தேகம் வரும், அது வேறு விஷயம்!

‘பூட்டிக்’ என்றால் என்ன?

பிரெஞ்சில் அது சிறு கடையைக் குறிக்கும் சொல். 1984இல் நியூயார்க்கில் மார்கன்ஸ் ஹோட்டலைத் தொடங்கியவர்கள், பெரிய ஹோட்டல்கள் பேரங்காடி என்றால் தங்களுடையது ஒரு சிறு கடை என்ற கருத்தில் இந்தப் பெயரைப் பரப்பினார்கள். அறை குறைவு, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, ஆளை அறிந்து கவனிப்பது. இதுதான் பொருள்.

இங்கே அந்த வகைக்கு வழிகாட்டியது ராஜஸ்தானின் நீம்ரானா. 1464இல் கட்டிய கோட்டை. இடிந்து கிடந்ததை 1986இல் வாங்கிய அமன் நாத்தும் பிரான்சிஸ் வாக்சியார்க்கும் 1991இல் சில அறைகளோடு விடுதியாக்கினார்கள். இதே போக்கு புதுச்சேரிக்கும் வந்தது. பிரெஞ்சுப் பகுதியிலும், கால்வாய்க்கு இந்தப் பக்கம் திண்ணையும் முற்றமும் உள்ள தமிழர் தெருக்களிலும் பழைய வீடுகள் விடுதிகளாகித் தப்பின. ஊருக்குப் போகும் வழியில் இரண்டு நாள் ஒதுக்க நினைப்பவர்களுக்கு இது தோதான நகரம். கடற்கரைச் சாலைக்குக் காலாற நடந்தே போகலாம். வார இறுதியில் மட்டும் கூட்டம் தாங்காது. நடுவாரத்தில் போவது நல்லது.

சரி, எப்படித் தேர்வது?

மேலே சொன்ன வரலாற்றிலிருந்தே சில கேள்விகள் பிறக்கின்றன.

முதல் கேள்வி, கட்டடம் எப்போது கட்டியது? மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹெரிடேஜ் ஹோட்டல் என்று தரம் பிரிக்க 1950க்கு முன் கட்டிய அரண்மனை, கோட்டை, மாளிகை, வீடு முதலியவற்றையே கணக்கில் எடுத்துவந்திருக்கிறது. நேற்றுக் கட்டிய சுவரில் வளைவு வைத்துவிட்டால் அது பாரம்பரியம் ஆகிவிடாது.

இரண்டாவது, நம் அறை எந்தப் பகுதியில்? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பம்பாய் தாஜில் அரண்மனைப் பகுதி வேறு, 1970களில் வந்த டவர் வேறு. கிரேட் ஈஸ்டர்னிலும் பழைய கட்டும் புதிய கட்டும் உண்டு. பெயரைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, அங்கே போய் ‘படத்தில் பார்த்த ஜன்னல் எங்கே?’ என்று கேட்டுப் பயனில்லை. முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, யாருக்காகப் பதிவு செய்கிறோம்? கோட்டை விடுதிகளில் படி ஏறி மாளாது. முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு மாடத்து அறையைவிட லிஃப்ட் உள்ள நகர ஹோட்டலே பரிசு. அரண்மனைகளில் குளிர்காலக் கல்யாண சீசனில் இரவு முழுக்க பேண்டு வாத்தியம் முழங்கும். அன்று விசேஷம் ஏதும் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். மழை பொய்த்த ஆண்டுகளில் பிச்சோலா ஏரியே வற்றியது உண்டு. ஆக, பருவம் பார்த்துப் போவது அவசியம்.

நான்காவது, குளியலறை, தண்ணீர், சுத்தம். கல்கத்தா கிராண்டை மூடவைத்தது குழாய்தான். சமீபத்தில் தங்கியவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள். சரவிளக்கைப் பற்றி அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

கடைசியாக, தங்கித்தான் ஆகவேண்டுமா? பட்ஜெட் இடிக்கிறது என்றால் பக்கத்தில் சுத்தமான சின்ன விடுதியில் தங்கி, பெரிய ஹோட்டலில் ஒரு மாலைச் சிற்றுண்டி மட்டும் சாப்பிடலாம். தாஜின் சீ லவுஞ்சில் பெண் பார்க்கும் வைபவம் பல தலைமுறையாக நடந்துவந்திருக்கிறது. கடலைப் பார்த்தபடி ஒரு டீ குடிப்பதில் என்ன குறை?

காசு நம்முடையது; யோசித்துத்தான் செலவழிப்போம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். பழைய கட்டடம் ஒன்று நிற்பதும் விழுவதும் அதில் யார் தங்குகிறார்கள், அவர்கள் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. பழமையை உண்மையாகவே பேணும் வீட்டைத் தேர்ந்தெடுத்தால் நம் பணம் ஒரு தூணையும் ஒரு முற்றத்தையும் காப்பாற்றும். முப்பது வருடமாக மற்றவர்களுக்கே விடுமுறையைக் கொடுத்த தம்பதியருக்கும் இரண்டு நாள் அமைதி கிடைக்கும். அடுத்த முறை ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போது, அந்த இரண்டு நாளையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.