கறுப்பு பியரின் மறக்கப்பட்ட கடற்பயணம்

'பிளக் ஐ.பி.ஏ.' எனும் பெயரே ஒரு முரண்பாடு. ஐ.பி.ஏ. என்பது 'இந்தியா பேல் ஏல்' என்பதன் சுருக்கம். பேல் என்றால் வெளிறியது. வெளிறிய பியர் கறுப்பாக இருப்பது எங்ஙனம்? நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த போத்தலைத் திறந்தபோது எழுந்த கேள்வி இது.

இந்தப் பியரை மிகவும் குளிராக அருந்தினால் மணமும் சுவையும் மறைந்துவிடும். குவளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது ஓரங்களில் செம்மை தெரிந்தது. முதலில் எழுந்தது ஹொப்ஸின் மணம்: பைன் மரப்பிசினும் தோடம்பழத் தோலும் கலந்தாற்போன்றது. அதன் பின்னரே கோப்பியும் சொக்லேட்டும் வந்தன. மதிப்பீட்டின் சிக்கல் நாவிலேதான் இருக்கிறது. ஹொப்ஸ் தரும் கசப்பு ஒன்று, வறுத்த மோல்ட் தரும் கசப்பு மற்றொன்று. இரண்டும் மோதிக்கொண்டால் மிஞ்சுவது கருகிய துவர்ப்பே. இதைத் தவிர்க்கவே பலர் உமி நீக்கி வறுத்த மோல்ட்டைப் பயன்படுத்துகின்றனர். நான் சுவைத்த போத்தல் இந்தச் சோதனையில் தேறியது. முடிவில் சற்றே சாம்பல் வாடை இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் வெர்மோண்ட் மாநிலத்தில், பர்லிங்டன் நகரில் கிரெக் நூனன் நடத்திய மதுக்கூடத்தில் 1990களில் இந்த வகை உருவானது என்பர். பெயரைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஹொப்ஸ் மிகுந்த கறுப்பு பியர் அதற்கு முன்னரே, அதுவும் நமது கடல்களின் வழியாகவே, பயணம் செய்திருக்கிறது.

18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் தோன்றிய கரும்பழுப்பு பியரே போர்ட்டர். சுமை தூக்கும் தொழிலாளர் விரும்பி அருந்தியதால் அந்தப் பெயர் வந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் செல்லும் கப்பல்களில் பியர் புளிக்காதிருக்க ஹொப்ஸ் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. ஹொப்ஸின் கசப்புப் பொருட்கள் புளிக்கச் செய்யும் பக்டீரியாக்கள் பலவற்றை அடக்குபவை. இந்த முறை வெளிறிய ஏலுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட போர்ட்டரும் அவ்வாறே காய்ச்சப்பட்டது.

இந்தியாவில் வெளிறிய ஏலை அருந்தியோர் பெரும்பாலும் அதிகாரிகளும் வணிகர்களும். சாதாரணச் சிப்பாய்களுக்குக் கிடைத்தது போர்ட்டர். கிழக்கிந்தியக் கம்பனி அதனைப் படையினருக்காகப் பெருமளவில் வரவழைத்தது. ஆயினும் விளம்பரங்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் நிலைத்தது துரைமாரின் பானமே. படைமுகாம்களில் அருந்தியோர் தமது பானத்தைப் பற்றி அதிகம் எழுதிவைக்கவில்லை. எனவேதான் 'இந்தியா' என்ற அடைமொழி வெளிறிய ஏலுக்கே உரிமையாகிவிட்டது.

இலங்கை வாசகர்களுக்கு லயன் ஸ்டவுட் நினைவுக்கு வரலாம். நுவரெலியாவில் தொடங்கிய மதுவடிசாலையின் மரபில் வந்த, 8.8 வீத மதுசாரம் கொண்ட அது போர்ட்டரின் வழித்தோன்றலே. ஆனால் அதில் சொக்லேட் இனிப்பு முந்தி நிற்கும், ஹொப்ஸ் பின்வாங்கி நிற்கும். நண்பரின் போத்தலோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தேன். அன்றைய கப்பல் போர்ட்டரின் கசப்புக்கு நெருங்கியது அமெரிக்கப் போத்தலாகவே இருக்கும் என எனக்குத் தோன்றியது.