மெட்டல் டிடெக்டரைச் சுற்றிப் போனவர்கள்

அமெரிக்காவில் சிட்டி ஹாலுக்குள் கவுன்சிலர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதைப் பற்றித் தேடிப் படித்ததில், இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்னு தோன்றியது.

முதலாவது சான் பிரான்சிஸ்கோ, 1978 நவம்பர் 27. டான் வைட், முன்னாள் போலீஸ்காரர். கவுன்சிலர் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, மனசு மாறித் திரும்பக் கேட்டார். மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி கொடுப்பதாக இல்லை. வாசலில் மெட்டல் டிடெக்டர் இருந்ததால், வைட் அடித்தள ஜன்னல் வழியாக உள்ளே குதித்தார். பார்த்துக் கேட்ட ஊழியரிடம் ஏதோ சாக்கு சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். முதலில் மேயர், பிறகு கவுன்சிலர் ஹார்வி மில்க். இரண்டு பேரையும் சுட்டுக் கொன்றார்.

இரண்டாவது நியூயார்க், 2003 ஜூலை 23. இங்கே ஜன்னலே தேவைப்படவில்லை. கவுன்சிலர்களுக்கும் அவர்கள் கூட்டி வரும் விருந்தினர்களுக்கும் மெட்டல் டிடெக்டரிலிருந்து விலக்கு இருந்தது. கவுன்சிலர் ஜேம்ஸ் டேவிஸ் தன் அரசியல் போட்டியாளர் ஒத்னியல் ஆஸ்க்யூவை அப்படித்தான் உள்ளே அழைத்து வந்தார். மன்றத்தின் பால்கனியில் ஆஸ்க்யூ அவரைச் சுட்டுக் கொன்றார்.

டேவிஸும் முன்னாள் போலீஸ்காரர்தான். இடுப்பில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. அது உறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஆஸ்க்யூவைச் சுட்டு வீழ்த்தியது, கீழே காவல் பணியில் இருந்த போலீஸ்காரர். இனி தான் உட்பட எல்லாரும் சோதனைக்குப் பிறகே உள்ளே வரணும் என்றார் மேயர் ப்ளூம்பெர்க்.

அடுத்த வருஷம், 2004ல், வேறொரு மத்திய சட்டம் வந்தது. பணியில் உள்ள போலீஸாரும், தகுதியுள்ள ஓய்வுபெற்ற போலீஸாரும் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் மாநில, உள்ளாட்சிக் கட்டடங்களில் அதைத் தடுக்கும் அதிகாரத்தை அந்தந்த அரசுகளிடமே விட்டுவிட்டது. 2022ல் ப்ரூயன் வழக்கில் துப்பாக்கி உரிமையை விரிவாக்கிய உச்ச நீதிமன்றம்கூட, சட்டமன்றம், நீதிமன்றம், வாக்குச்சாவடி ஆகியவற்றில் தடை போடலாம் என்பதை ஏற்றது.

பாதுகாப்புக்குத் துப்பாக்கி வேணும் என்று கேட்கும் கவுன்சிலரின் பயம் பொய்யில்லை. மேலே சொன்னதே சாட்சி. ஆனால் சாப்ட்வேர்காரன் கண்ணுக்குத் தெரிவது வேறு: "இவர் நம்மாளு, சோதிக்க வேண்டாம்" என்று எழுதும் ஒவ்வொரு விலக்கும் ஒரு திறந்த கதவு. அந்த நம்மாளு கெட்டவராகவே இருக்கணும்னு இல்லை. டேவிஸ் கெட்டவர் இல்லை. கூட வந்தவரை யாரும் சோதிக்கவில்லை, அவ்வளவுதான்.