ஆள்வோரின் முதலுரை

திருவள்ளுவர் அமைச்சு என்னும் அதிகாரத்தையடுத்துச் சொல்வன்மை என்னும் அதிகாரத்தை வைத்தார். ஆளுந் தொழிலுக்குச் சொல்லும் ஓர் இன்றியமையாக் கருவி என்பது அம்முறைவைப்பாற் பெறப்படும். முடியாட்சி நீங்கிக் குடியாட்சி வந்த பின்னரும் இவ்வுண்மை மாறிற்றில்லை. முன்னர் அரசன் முடிசூடினான். இன்று சனாதிபதி சத்தியஞ் செய்து, பின் நாட்டு மக்களை நோக்கி உரையாற்றுகின்றார். அப்பதவியேற்புரையின் இயல்பு யாது, அதன் தகுதியை எதனால் அளந்தறிதல் கூடும் என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் அளவுகோல் ஒன்று நம் தீவகத்திலேயே உளது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகும். அதில் ஊராத்துறை எனக் குறிக்கப்படுவது இன்றைய ஊர்காவற்றுறை. பரதேசிகள் அத்துறைக்கு வந்து தங்கவேண்டும்; அவர்கள் காக்கப்படவேண்டும்; யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடையுமாயின் நாலில் ஒரு கூறு அரச பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் உரியன; வாணிகப் பண்டம் ஏற்றிவரும் கலம் உடையுமாயின் செம்பாதி பண்டாரத்துக்கும் செம்பாதி உடையவனுக்கும் உரியன. இவையே அவ்வாணையின் சாரம்.

இது துறைமுகம்பற்றிய ஆணையேயன்றிப் பதவியேற்புரை அன்று. ஆயினும் ஆள்வோன் சொல்லுக்கு வேண்டும் மூன்று பண்புகள் இதன்கண் உள. தன் குடிகளல்லாத அயலாரையும் அரசன் கருதிப் பேசுகின்றான். சிங்கள மன்னனாயினும் கேட்போர் மொழியாகிய தமிழிலே பேசுகின்றான். காப்போம் என்று பொதுப்படக் கூறியமையாது, நாலில் ஒன்று, செம்பாதி எனக் கணக்கிட்டுக் கூறித் தன்னையே அச்சொல்லுக்குக் கட்டுப்படுத்துகின்றான். இதனை முதலாம் இராசராசன் காலந்தொட்டு வழங்கிய சோழர் மெய்க்கீர்த்திகளோடு ஒப்புநோக்குக. ஈழம் உட்பட வென்ற நாடுகளை நிரல்படக் கூறும் அவை, வென்றவன் பெருமைக்கு ஏற்றனவேயாயினும் தோற்றவனை நோக்கி ஒரு சொல்லும் உரைப்பனவல்ல. பதவியேற்புரை எனப்படுவது இவ்விரண்டனுள் எதன் வழியிற் செல்கின்றது என்பதே நாம் கேட்கத்தகும் வினா.

பதவியேற்புரை என்னும் வழக்கம் நிலைபெற்ற நாடு ஐக்கிய அமெரிக்கா. அந்நாட்டு அரசியலமைப்பு விதிப்பது சத்தியம் ஒன்றே. 1789 ஏப்ரல் 30இல் நியூயோர்க் நகரிற் சத்தியஞ் செய்த ஜோர்ஜ் வாஷிங்டன் அதன்பின் உரையாற்றியமையாற் பிறந்ததே உரை. 1801இல் தோமஸ் ஜெபர்சன் பதவியேற்ற காலத்திற் கட்சிப்பகை முற்றியிருந்தது. மக்கட் பிரதிநிதிகள் சபையில் 36 முறை வாக்கெடுத்த பின்னரே அவர் தெரிவாயினர். அவர் தம் உரையில், இரு கட்சியாரும் வேறு வேறு பெயரால் அழைக்கப்பட்ட ஒரே கொள்கையுடைய சகோதரர் என்றார். பெரும்பான்மையின் விருப்பமே நடைபெறுமாயினும் சிறுபான்மைக்கும் சம உரிமை உண்டு, அதனை மீறுதல் கொடுங்கோன்மை என்றும் கூறினார். தோற்றவரை முன்னிறுத்திப் பேசும் மரபுக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

ஆபிரகாம் இலிங்கனின் ஈருரைகள் இன்னும் ஆழ்ந்து கற்கத்தக்கன. 1861 மார்ச்சு 4இல் அவர் பேசும்பொழுதே ஏழு தென்மாநிலங்கள் பிரிந்துவிட்டன. சமாதானமா வாளா என்ற கடுவினாவோடு முடிந்த தம் முதல் வரைவை, சுவார்ட் என்பாரின் ஆலோசனையை ஏற்று மாற்றி, நாம் பகைவரல்லேம், நண்பரே என்னும் பொருள்பட முடித்தார். ஆயினும் ஏப்ரல் 12இல் பீரங்கிகள் முழங்கின. இன்சொல் ஒன்றே போரைத் தடுக்கமாட்டாது என்பதற்கு இது சான்று.

1865 மார்ச்சு 4இல் வெற்றி கைக்கெட்டிய வேளையில் அவர் ஆற்றிய இரண்டாவது உரை ஏறத்தாழ 700 சொற்களே கொண்டது. 1841இல் ஹரிசன் என்பார் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களால் இரண்டு மணி நேரமளவு பேசினார். அவ்வுரை அதன் நீளத்தாலன்றிப் பிறிதொன்றால் நினைக்கப்படுவதில்லை. இலிங்கனோ, அடிமை முறையே போரின் காரணம் என்பதை மறையாமற் கூறி, அதன் தண்டனையை வடக்கும் தெற்கும் ஒருங்கே அனுபவிப்பதாக உரைத்தார். வென்றோம் என்று அவர் முழங்கவில்லை; எவர்மீதும் வன்மமின்றி நாட்டின் புண்ணைக் கட்டுவோம் என்றார்.

இனி நம் நாட்டை நோக்குவாம். 1978 பெப்ரவரி 4இல் காலிமுகத்திடலிலே ஜே. ஆர். ஜயவர்த்தன நிறைவேற்று அதிகாரமுடைய முதற் சனாதிபதியாகப் பதவியேற்றார். இங்கும் சட்டம் வேண்டுவது அரசியலமைப்பின் நான்காம் அட்டவணையிலுள்ள சத்தியமே. அது எல்லாக் குடிகளுக்கும் பொதுவாயினும், அதனைப் பின்தொடரும் உரைகள் பெரும்பாலும் சிங்களத்திலேயே நிகழ்ந்தன. தமிழ் மக்கள் மொழிபெயர்ப்பு வாயிலாகவே அவற்றை அறிந்தனர். 1987இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆதலின், சனாதிபதி தமிழில் உரைப்பது சலுகையன்று, முறைமையே. இதனினும் கொடியது சொல்லுக்கும் செயலுக்கும் இடைப்பட்ட தூரம். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகிலே பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொன்றோர் கடற்படையினர் என்பது உயிர்தப்பியோர் சாட்சியம். பராக்கிரமபாகு அயலாருக்குங் காவல் விதித்த தீவகக் கடலில், எட்டு நூற்றாண்டு கழிந்தபின் நாட்டின் குடிகளுக்கே காவலில்லாதொழிந்தது.

பதவியேற்கும் இடமும் ஒரு மொழியே. 1989 ஜனவரி 2இல் பிரேமதாச கண்டித் தலதா மாளிகையையும், 2015 ஜனவரி 9இல் மைத்திரிபால சிறிசேன கொழும்புச் சுதந்திர சதுக்கத்தையும் தெரிந்தனர். கோட்டாபய ராஜபக்ச 2019 நவம்பர் 18இல் அநுராதபுரத்து ருவன்வெலிசாயவின் முன் பதவியேற்றார். சிங்கள மக்களின் பெரும்பான்மை வாக்கால் வெல்லக்கூடும் என்பதைத் தாம் அறிந்திருந்ததாகவும், தமிழரையும் முஸ்லிம்களையும் அழைத்தும் எதிர்பார்த்த அளவு அவர்கள் வரவில்லை என்றும் அவர் கூறினார். தாம் அனைவருக்கும் சனாதிபதி என்றுஞ் சொன்னார். பின்னது ஜெபர்சனின் வழி. முன்னது மெய்க்கீர்த்தியின் வழி. கேட்டோர் நெஞ்சில் நின்றது முன்னதே. அவரும் 2022 ஜூலையிற் பதவி துறக்க நேர்ந்தது.

ருவன்வெலிசாய எல்லாளனை வென்ற துட்டகைமுனு கட்டத் தொடங்கிய தாதுகோபம். அவ்வரசனைப் போற்றும் மகாவமிசமே வேறொன்றையும் கூறுகின்றது. தோற்று வீழ்ந்த எல்லாளனுக்கு அவன் ஈமக்கடன் செய்து, நினைவுச் சின்னம் அமைத்து, அவ்வழிச் செல்வோர் வாத்தியத்தை நிறுத்தி வணங்கிச் செல்ல விதித்தான் என்பதே அது. வென்றவன் தோற்றவனை நோக்கி எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதற்கு இலிங்கனைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. இலக்கியம் அவ்விடத்திலேயே இருந்தது, எடுத்தாள்வார் இலராயினர்.

அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பர் 23இல் பதவியேற்றபொழுது, முதற்கணக்கில் அவர் பெற்றிருந்தது 42.31 வீதமே. தாம் மந்திரவாதியல்லர் என்றும், தமக்கு வாக்களியாதோரின் நம்பிக்கையையும் பெற முயல்வதாகவும் அவர் உரைத்தார். அடக்கமான இச்சொல் பாராட்டத்தக்கது. எனினும் நம்பிக்கை என்பது நாலில் ஒன்று, செம்பாதி என்றாற்போல எண்ணிக் காட்டத்தகும் பொருளன்று. எந்நாளில், எச்சட்டத்தால், எக்காணியால் அது நிறைவேறும் என்பதே குடிகள் வினவவேண்டுவது.

இதனாற் பெறப்படுவது யாதெனின், முதலுரை ஆள்வோர் குடிகளுக்கு எழுதிக்கொடுக்கும் உறுதிப்பத்திரம் போல்வது. அதன் அழகு சொல்வோரைச் சார்ந்தது. அதன் பயன் கேட்போரைச் சார்ந்தது. உறுதி எழுதியவன் மறக்கலாம், பெற்றவன் மறத்தலாகாது. மாணவர்கள் இவ்வுரைகளைச் சேர்த்துவைத்து, ஆட்சி முடிவில் எடுத்து ஒப்புநோக்குவாராக. நயினாதீவுக் கல் சிதைந்தும் இன்றுவரை பேசுகின்றது. எண்ணூறு ஆண்டுகளின் பின்னும் ஓர் அரசனின் சொல்லை அவன் சொற்கொண்டே நாம் அளக்க முடிகின்றது. சரித்திரக் கல்வி குடியாட்சிக்குச் செய்யும் தொண்டு இதுவேயாம்.