அத்துவிதமும் எதிர்மறை இலக்கணமும்: மெய்கண்டார் மரபில் ஒருமையும் தனித்தன்மையும்

உயிர் இறைவனோடு ஒன்றாகிறது என்னும் கொள்கையை ஏற்கும் சமய மரபுகள் அனைத்தும் ஒரு வினாவிற்கு விடை கூறியாக வேண்டும். ஒன்றான பின்னர் உயிர் என ஒரு பொருள் எஞ்சுமா? எஞ்சாது எனின் வீடுபேற்றை அடைந்தவர் யார்? எஞ்சும் எனின் அதனை ஒருமை எனல் எங்ஙனம்? இவ்வினா பொதுவாக மெய்யியலுக்கு உரியதாகவே கொள்ளப்படுகிறது. எனினும் தமிழ்ச் சைவ சித்தாந்தத்தில் இது பெரும்பாலும் இலக்கணத்தின் துணைகொண்டே ஆராயப்பட்டுள்ளது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இதில் கருத்துச் செலுத்த வேண்டியிருப்பது அதனாலேயே.

சிக்கல் முழுவதும் 'அத்துவிதம்' என்னும் சொல்லின் முதலெழுத்தில் அடங்கியுள்ளது. வடமொழியில் 'நஞ்' எனப்படும் எதிர்மறை இடைச்சொல்லே பெயர்முன் அகரமாகவும் 'அந்' ஆகவும் நிற்கிறது. அதற்கு ஆறு பொருள்களை வடநூலார் கூறுவர். தமிழ்ச் சைவ உரைமரபு அவற்றுள் மூன்றனை எடுத்துக்கொண்டு இன்மை, அன்மை, மறுதலை எனப் பெயரிட்டது. 'அரூபம்' என்பது உருவம் இல்லாதது, இஃது இன்மை. 'அப்பிராமணன்' என்பது பிராமணன் அல்லாத பிறன், இஃது அன்மை. 'அதருமம்' என்பது தருமம் இல்லாத வெற்றிடம் அன்று; தருமத்திற்கு எதிரான பாவம்; இது மறுதலை. வடிவத்தில் இம்மூன்றனுக்கும் வேறுபாடில்லை.

ஈண்டுத் தமிழின் இயல்பு கருதத்தக்கது. வடமொழி ஓர் அகரத்தால் உணர்த்துவதைத் தமிழ் இரு வேர்களால் பிரித்து உணர்த்துகிறது. 'இங்கு மரம் இல்லை' என்பது இருப்பை மறுக்கிறது. 'இது மரம் அன்று' என்பது இருப்பதை ஒப்புக்கொண்டு அதன் அடையாளத்தை மறுக்கிறது. எனவே 'இரண்டு இல்லை', 'இரண்டு அல்ல' என்னும் தொடர்களைக் கேட்கும் தமிழருக்கு அவை இரு வேறு செய்திகள். முன்னது ஒன்றே உளது என்னும். பின்னது உள்ளவை இரண்டாய்ப் பிரிந்து நிற்கவில்லை என்னும். இன்றைய பேச்சுத் தமிழில் 'இல்லை' இரு பணிகளையும் ஏற்றுக்கொண்டது. 'இது மரம் இல்லை' என்பதே வழக்காகிவிட்டமையால், பழைய உரைகள் இவ்வேறுபாட்டின்மேல் எழுப்பிய வாதத்தின் கூர்மை இக்கால மாணவர்க்கு எளிதில் புலப்படுவதில்லை.

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், பன்னிரண்டு சூத்திரங்களால் அமைந்த சிவஞான போதத்தின் இரண்டாம் சூத்திரத்திலும் அதன் வார்த்திகத்திலும் இச்சிக்கலை எடுத்துக்கொள்கிறார். அத்துவிதம் என்பதற்கு 'ஏகம்' எனப் பொருள் கொள்வாரை அவர் மறுக்கும் முறை சுருக்கமானது. ஒன்று எனச் சுட்டுவதற்குச் சுட்டுபவன் ஒருவன் வேண்டும். சுட்டப்படும் பொருள் தன்னைத் தானே ஒன்றெனச் சுட்டிக்கொள்ளாது. ஆகவே 'ஏகம்' என்னும் கூற்றே சொல்பவனைத் தனியே நிறுத்திவிடுகிறது. அச்சொல்லுக்கு அவர் தரும் பொருள் 'அந்நிய நாத்தி', அதாவது வேறாம் தன்மை இன்மை. மறுக்கப்படுவது இரண்டாம் பொருள் அன்று. இரண்டிற்கும் இடையே உள்ள அயன்மையே.

எண்ணுப்பெயரின் முன் வரும் நகரம் இன்மையைக் குறிக்காது என்பது சைவ உரைமரபில் கூறப்படும் மற்றொரு வாதம். 'அநேகம்' என்பது ஒன்று இல்லாமையைக் குறிக்காமல் பலவற்றைக் குறிப்பது இதற்குச் சான்றாகும். இவ்வாதத்தை மட்டும் தனியே நோக்கின் அது முடிவானதாகத் தோன்றவில்லை. இரண்டு அல்லாதது ஒன்றாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். 'துவிதம்' என்பது எண்ணை மட்டும் குறியாது இருமைத் தன்மையைக் குறிக்கிறது எனக் கொண்டால்தான் வாதம் நிற்கும். மெய்கண்டார் எண்ணைப் பற்றிப் பேசாமல் அயன்மையைப் பற்றிப் பேசியது இதனாலாகலாம்.

இரண்டாம் சூத்திரம் உயிர்களைப் பன்மைச் சுட்டுப்பெயராலும் இறைவனைத் 'தான்' என்னும் ஒருமைப் பெயராலும் குறித்து, இரண்டிற்கும் ஏகாரம் தந்து, அடுத்தடுத்து நிறுத்தி, 'ஆய்' என்னும் ஒரே வினையெச்சத்தால் முடிக்கிறது. பன்மையும் ஒருமையும் ஒரு வினையில் முடிகின்றன. இத்தொடரைப் பிரித்தும் கூட்டியும் உரையாசிரியர்கள் ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என்னும் மூன்று பொருள்களைப் பெறுகின்றனர். ஒன்றாதலுக்கு உடலும் உயிரும், வேறாதலுக்குக் கண்ணும் கதிரவனும், உடனாதலுக்குக் கண்ணொளியும் ஆன்ம அறிவும் உவமைகள். இரௌரவ ஆகமத்தைச் சார்ந்ததாகக் கூறப்படும் வடமொழிச் சிவஞான போதத்தில் இவ்விடம் வேறு வகையில் அமைந்துள்ளது. இறைவன் வேறானவன் என்றும், வியாபகத்தால் வேறல்லாதவன் என்றும் அது காரணம் காட்டி விளக்குகிறது. எது மூலம், எது மொழிபெயர்ப்பு என்னும் நெடிய வழக்கில் இக்கட்டுரை புகவில்லை. ஆனால் ஒரே கருத்தை ஒரு மொழி எதிர்மறைப் பெயராலும் காரணத்தாலும், மற்றொரு மொழி சுட்டுப்பெயர்களின் அடுக்காலும் சொல்வது ஒப்பாய்வுக்குரிய செய்தியாகும்.

உவமைகளைப் பொறுத்தவரை மெய்கண்டார் பண்ணும் ஓசையும், பழமும் சுவையும், அரக்கும் கல்லும் போன்ற உலகியற் பொருள்களை எடுத்துக்காட்டினார். அவர் வழிவந்த உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் இலக்கணத்திலிருந்தே ஓர் உவமையை எடுத்தார். அதுவே 'தாடலை'. தாள், தலை என்னும் இரு சொற்கள் புணரும்போது வருமொழித் தகரம் டகரமாகத் திரிய, நிலைமொழி ளகரம் கெடுகிறது. எஞ்சுவது ஒரு சொல். இடையில் பிளவு இல்லை. பிரித்துக் காட்டப் புணர்ச்சி விதி அறிந்தவன் வேண்டும். ஆயினும் கேட்பவர் அடியையும் முடியையும் இரண்டாகவே உணர்கிறார். ஒலி நிலையில் ஒருமை, பொருள் நிலையில் இருமை. நீரில் கலந்த நீர், நெருப்பில் காய்ந்த இரும்பு போன்ற உவமைகளால் காட்ட இயலாத ஒன்றை இவ்வுவமை காட்டுகிறது. ஒருமையும் வேற்றுமையும் ஒரே தளத்தில் மோதிக்கொள்ள வேண்டுவதில்லை. எந்த அடி, எந்தத் தலை என்பதும் வெளிப்படை. வணங்குவோன், வணங்கப்படுவோன் என்னும் முறைமை புணர்ச்சியிலும் அழியவில்லை. உவமையை எழுத்தளவில் மட்டும் நீட்டித்தால் இடர்ப்பாடு உண்டு. தோன்றிய டகரம் ளகரமும் அன்று, தகரமும் அன்று, மூன்றாவது ஒன்று. உமாபதியாரின் கருத்து அதுவன்று. இவ்வுவமையை வேற்றுமொழியில் பெயர்ப்பவர் குறிப்புரை எழுதுவதன்றி வேறு வழி உண்டா என்பது ஐயத்திற்குரியது.

இத்துணை நுட்பம் ஏன் வேண்டப்பட்டது என்பதற்கு விடை அதே ஆசிரியரின் சங்கற்ப நிராகரணத்தில் கிடைக்கிறது. சகம் 1235, அதாவது கி.பி. 1313 எனத் தன் காலத்தைத் தானே குறிக்கும் அந்நூல், சித்தாந்தத்திற்கு நெருங்கிய கொள்கைகளையே பெரும்பாலும் மறுக்கிறது. அவற்றுள் ஐக்கியவாதம், முத்தியில் உயிர் நீரொடு நீர்போல் இறைவனிற் கலந்துவிடும் என்கிறது. பாடாணவாதமோ உயிர் அழியாது, ஆனால் இன்ப நுகர்ச்சி இன்றிக் கல்போல் கிடக்கும் என்கிறது. ஒன்றில் நுகர்பவன் இல்லை. மற்றொன்றில் நுகர்ச்சி இல்லை. இருவரும் தவறுவது ஆணவ மலத்தைப் பற்றிய கருத்தில் என்பது சித்தாந்தியின் கணிப்பு. ஐக்கியவாதி ஆணவம் என ஒன்றை ஏற்பதில்லை. பாடாணவாதி முத்தியிலும் அது நீங்காது என்கிறான். சித்தாந்தத்தில் முத்தியில் ஆணவத்தின் ஆற்றல் அடங்குகிறது. உயிர் அடங்காமல் இன்பம் நுகர்கிறது.

'ஆணவம்' என்பது இக்காலத் தமிழில் செருக்கு என்னும் பொருளில் சுருங்கிவிட்டது. 'அணு' என்பதன் அடியாகப் பிறந்த இச்சொல் சித்தாந்தத்தில் உயிரின் அறிவை மறைத்து அதனை அணுப்போல் சிறுமைப்படுத்தும் இருளையே குறிக்கும். இதனை ஆங்கிலத்தில் 'ஈகோ' எனப் பெயர்த்தால் ஆணவம் நீங்குதல் என்பது தனிமனிதன் நீங்குதலாக ஒலிக்கும். மூலநூல் சொல்வது அதற்கு நேர்மாறு: நீங்குவது சிறுமை, நிற்பது உயிர்.

இம்மரபின் இலக்கணப் பார்வை உச்சம் பெற்றது 1785இல் மறைந்த திருவாவடுதுறைச் சிவஞான முனிவரிடத்தில் ஆகும். நன்னூல் உரையைத் திருத்தியவரும் தொல்காப்பியப் பாயிரத்திற்கும் முதற்சூத்திரத்திற்கும் விருத்தி எழுதியவரும் அவரே. சிவஞான மாபாடியத்தில் அவர் ஒரு வேற்றுமையுருபுக்கும் ஓர் ஏகாரத்திற்கும் செலவிடும் பக்கங்கள் வெறும் புலமைக் காட்சியல்ல. அத்துவிதத்திற்கு அன்மைப் பொருளை அவர் வரையறுத்த பாங்கே பின்வந்த சித்தாந்த எழுத்துகள் பலவற்றிற்கும் அடிப்படையாயிற்று. அவ்வுரை ஆதீனத்து ஏடுகளிலேயே நெடுங்காலம் இருந்து, 20ஆம் நூற்றாண்டில்தான் முழுமையாக அச்சேறியது.

எனவே முதல் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அது அச்சு நூலாகக் கைக்கு எட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த அமெரிக்கச் சமயத்தொண்டர் ஹென்றி ஹொய்சிங்டன் 1854இலும், ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை 1895இலும், கார்டன் மாத்யூஸ் 1948இலும் சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் தந்தனர். 'மானிசம்' என்னும் ஐரோப்பியச் சொல் ஒருமையை நேரே விதிக்கிறது. அதில் எதிர்மறை இல்லை. 'நான்-டூயலிசம்' என்பதில் எதிர்மறை உண்டு. ஆயின் அது இன்மையா அன்மையா என்பதைக் காட்ட ஆங்கில முன்னொட்டிற்கு வழியில்லை. நல்லசாமிப் பிள்ளை 'அத்வைதம்' என்னும் சொல்லை ஆங்கிலக் கட்டுரைகளிலும் விடாது வழங்கி, அது மானிசம் அன்று என வாதிட்டமை இந்நோக்கில் மதிக்கத்தக்கது.

மூலச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதிலும் இடர் இல்லாமல் இல்லை. தமிழ்ச் சைவர் தம் கொள்கையைச் 'சுத்தாத்துவிதம்' என்பர். அதே பெயர் வடநாட்டில் வல்லபரின் (1479–1531) வைணவக் கொள்கைக்கும் உரியது. உயிரும் உலகமும் பிரமத்தின் கூறுகளே என்னும் அக்கொள்கையும், பதி பசு பாசம் மூன்றும் என்றும் உள்ளவை என்னும் சித்தாந்தமும் பெயரளவிலேயே ஒன்று. இந்திய மொழிகளுக்கிடையே மெய்யியற் கலைச்சொல்லகராதி தொகுப்போர் இச்சொல்லை ஒரே பதிவின்கீழ் அடக்காமல், மரபுதோறும் தனித்தனியே பதிதல் வேண்டும்.