ஆடி மழையில் ஒரு வாக்கு வேட்டை

1947 ஓகஸ்ட் 23ஆம் திகதி இலங்கையின் முதல் நாடாளுமன்றத் தேர்தல் தொடங்கியது. முடிந்தது செப்டெம்பர் 20இல். இன்று போல ஒரே நாளில் நாடு முழுவதும் வரிசையில் நிற்கவில்லை. தொகுதிகளைப் பிரித்து 19 நாட்களில் வாக்கெடுத்தார்கள். மக்கள் தெரிவு செய்ய வேண்டிய ஆசனங்கள் 95. பிரதமர் நாற்காலியை நோக்கி டி. எஸ். சேனாநாயக்க நடந்துகொண்டிருந்தார். கொழும்பில் மே, ஜூன் மாதங்களின் பொது வேலைநிறுத்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி பொலிஸ் துப்பாக்கிக்கு இரையானது ஜூன் 5ஆம் திகதி.

தேர்தலுக்கு முந்திய அந்த மாதங்களில் மலைநாட்டில் கொத்மலை ஓயா நிரம்பி ஓடும். கோடைப் பிரசாரம் என்று மேலைநாட்டுப் பத்திரிகைகள் எழுதும் பருவம், இங்கே தென்மேல் பருவமழையின் உச்சம். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை மலைச்சரிவுகளில் விடியற்காலை தப்பு அடித்ததும் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்தவர்கள், கம்பளியைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மழையோடுதான் மலைக்கு ஏறுவார்கள். அதே மாதங்களில் மலையின் மறுபக்கம், பதுளையில், காய்ந்த காற்று வீசும்; ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் காற்று. ஒரே கட்சியின் வேட்பாளர்களில் சிலர் புழுதியிலும் மற்றவர்கள் சேற்றிலும் நடந்த தேர்தல் இது.

அந்தக் கட்சியின் பெயர் இலங்கை இந்தியன் காங்கிரஸ். 1939 ஜூலையில் நேரு வந்துபோனபோது பிறந்தது. அடுத்த ஆண்டே தொழிற்சங்கத்தையும் தொடங்கியது. தோட்ட மக்களுக்கு அது ‘காங்கிரஸ்’. அவ்வளவுதான், முன்னொட்டு தேவைப்படவில்லை.

கொத்மலை ஓயாவின் நீரோட்டத்தைப் பின்தொடர்ந்தால் அந்தத் தேர்தலின் இரண்டு முக்கிய மனிதர்களைச் சந்தித்துவிடலாம். ஓயாவின் ஒரு கிளை இறம்பொடைப் பக்கமிருந்து இறங்குகிறது. அங்கே வெவண்டன் தோட்டம். தமிழ்நாட்டின் முனைப்புதூரில் 1913இல் பிறந்து, சிறுவனாக இங்கே வந்து, கம்பளை சென் அன்ட்ரூஸ் கல்லூரியில் படித்த சௌமியமூர்த்தி தொண்டமானின் தகப்பனார் கருப்பையா வாங்கிய தோட்டம் அது. இன்னொரு கிளை பூண்டுலோயா. அதன் பக்கத்து மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. முன்னவர் நுவரெலியாவில் நின்றார். பின்னவர் நின்ற தலவாக்கலையோ கொத்மலை ஓயாவின் கரையிலேயே இருக்கிறது. தொண்டமானுக்கு ஓகஸ்ட் 30இல் 34 வயது. வேலுப்பிள்ளைக்கு செப்டெம்பர் 14இல் 33. இருவரின் பிறந்தநாளும் வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த நாட்களுக்குள்ளேயே வந்துபோயின.

இருவருமே லயத்து அறையில் வளர்ந்தவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் தோட்ட முதலாளியின் மகன். மற்றவர் பெரியகங்காணி வீட்டுப் பேரன். கொழும்பு நாலந்தாவில் படித்தவர். இளமையில் எழுதிய ஆங்கில நாடகத்தைத் தாகூரிடம் நேரில் கொடுத்தவர். கொழுந்து எடுத்துக் கைவிரல் கறுத்த ஒருவரும் அன்றைய வேட்பாளர் பட்டியலில் இல்லை. காங்கிரசை எதிர்த்த இடதுசாரிகள் இதைக் குத்திக்காட்டினார்கள். குத்தியதில் நியாயம் இருந்தது. ஆனாலும் தோட்டம் காங்கிரசுக்கே வாக்களித்தது. ஏன்?

பதிலுக்கு 16 வருடம் பின்னே போக வேண்டும்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும். தலவாக்கலையில் கொழுந்து கிள்ளிய பெண்ணுக்கு வாக்கு கிடைத்தபோது பிரான்சில் பெண்களுக்கு அது இல்லை. 1945இல்தான் அவர்கள் முதன்முதலாக வாக்குச்சாவடி ஏறினார்கள். திருச்சியிலும் சேலத்திலும் விட்டுவந்த உறவுகளுக்கு, சொத்தோ வரியோ படிப்போ இருந்தால்தான் வாக்கு. ஆனால் இந்தப் பொன்முட்டையில் ஒரு கீறல் இருந்தது. இந்திய வம்சாவளியினர் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் உள்ளவர்கள் என்று காட்ட வேண்டும். இல்லையேல் ஐந்து வருட வாசத்துக்கும் நிரந்தரக் குடியேற்றத்துக்கும் சான்றிதழ் வாங்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் செத்த தலைமுறைகளிடம் எண்ணத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள்.

அப்படியிருந்தும் பெயர்கள் ஏறின. 1939 அளவில் வாக்காளர் இடாப்பில் இருந்த இந்திய வம்சாவளியினர் சுமார் 225,000. பிறகு விசாரணையை இறுக்கினார்கள். 1943இல் எண்ணிக்கை சுமார் 168,000 ஆக விழுந்தது. நான்கே வருடத்தில் 57,000 பேரளவில் காணாமல் போனார்கள். ஒருவரும் கப்பலேறியதால் அல்ல. 1947 வாக்கு வேட்டையை மேடைப் பேச்சுகளில் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வேட்டை நடந்தது இந்த இடாப்பில். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் வெட்டுப்பட்டது, யாருக்கு மனு எழுத வேண்டும் என்ற குமாஸ்தா வேலையைப் பல வருடம் சலிக்காமல் செய்த அமைப்புத்தான் கடைசியில் வாக்கையும் எடுத்தது.

பிரசாரத்துக்கு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. 1931இல் ஹட்டனில் பெரி சுந்தரம் போட்டியே இல்லாமல் அரசாங்க சபைக்குப் போய் அமைச்சரும் ஆனார். அது பிரசாரமே தேவைப்படாத வெற்றி. உண்மையான பாடத்தை நடத்திக் காட்டியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர். தோட்டம் என்பது தனியார் நிலம். துரையின் அனுமதியில்லாமல் வெளியார் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. நடேசய்யர் புடவை வியாபாரியாக மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மூட்டைக்குள் துணியோடு துண்டுப்பிரசுரமும் போனது. அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடுவார். தொழிலாளரின் துன்பத்தைச் சனங்களுக்குத் தெரிந்த மெட்டிலேயே கட்டிய பாட்டு. எழுத்துத் தெரியாத கூட்டத்துக்கு அதுதான் பத்திரிகை, அதுதான் தேர்தல் விஞ்ஞாபனம். 1936இல் ஹட்டன் தொகுதியை வென்ற நடேசய்யர் 1947 வரை சபையில் இருந்தார்.

அந்த நாட்களில் வேட்பாளருக்கு ஒரு நிறம். அந்த நிறப் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். 1947இல் நிறம் போய்ச் சின்னம் வந்தது. நேற்று வரை நிறத்தைப் பார்த்துப் போட்ட கிழவிக்கு இன்று கடதாசியில் ஒரு படத்துக்கு நேரே புள்ளடி போடச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதைப் பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லித்தர முடியாது. இஸ்தோப்பில் உட்கார்ந்து, குப்பிலாம்பு வெளிச்சத்தில், ஆள் ஆளாகத்தான் சொல்லித்தர முடியும். வேட்பாளர் உள்ளே வர முடியாத லயத்தில் அதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் அங்கேயே குடியிருப்பவர்: தோட்டத்துச் சங்கத் தலைவர்.

இந்தத் தலைவர் என்ற பாத்திரத்தைப் புரிந்துகொள்ளாமல் மலையக அரசியல் ஒன்றும் புரியாது. சந்தா சேர்ப்பவர்; தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டுப்பட்டவனுக்காகத் துரை பங்களாவுக்கோ கந்தோருக்கோ போய் நிற்பவர்; கல்யாணத்திலும் சாவிலும் முன்னுக்கு நிற்பவர். அதுவரை பெரியகங்காணி செய்த வேலையில் பாதியை, 1940க்குப் பிறகு, தொழிலாளி ஒருவரே செய்யத் தொடங்கினார். காங்கிரஸ் மேலே முதலாளி வீட்டுப் பிள்ளைகளாலும் கீழே இந்தத் தலைவர்களாலும் கட்டப்பட்டது. மேல்மாடியைப் பார்த்து இடதுசாரிகள் பேசினார்கள். அடித்தளத்தைப் பார்த்துத் தோட்டம் வாக்களித்தது.

ஆறாத புண் ஒன்றும் அப்போது இருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டது பழைய கதையாகியிருந்தாலும், 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டம் புதிய கதை. கிராம விஸ்தரிப்புக்காக அரசு அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. பல வருடம் அங்கே வேலை செய்த குடும்பங்களை லயத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். போக மறுத்தவர்கள் மீது வழக்கு. தான் குடியிருந்த வீட்டிலேயே ஒருவன் அத்துமீறியவன் ஆனான். காணி விவகாரம் அப்போது விவசாய அமைச்சர் டி. எஸ். சேனாநாயக்கவின் கையில். நேவ்ஸ்மயருக்காக மற்றத் தோட்டங்களும் வேலையை நிறுத்தின. அடுத்த ஆண்டு அதே சேனாநாயக்கவின் கட்சி மலைநாட்டில் வாக்குக் கேட்டு வந்தபோது, நேவ்ஸ்மயர் என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் காங்கிரஸ் பேச்சாளருக்கு அதிகம் தேவைப்பட்டிருக்காது.

வாக்கெடுப்பு தொடங்க எட்டு நாள் இருக்கும்போது, ஓகஸ்ட் 15இல், இந்தியா விடுதலை பெற்றது. தோட்டத்து மக்களுக்கு அது சந்தோஷமான நாள். காங்கிரசுக்குச் சங்கடமான நாளும்கூட. நாங்கள் இந்த மண்ணின் நிரந்தரவாசிகள் என்று வாக்குரிமை கேட்பவர்கள், கட்சியின் பெயரிலேயே ‘இந்தியன்’ என்று வைத்துக்கொண்டு, கடல் தாண்டிய விடுதலையைக் கொண்டாடினால் எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைக்குமா? அந்தப் பெயரை மாற்றி ‘தொழிலாளர் காங்கிரஸ்’ ஆக்க இன்னும் சில வருடம் பிடித்தது. கொஞ்சம் முந்தியே செய்திருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது.

கொத்மலை ஒரு தனித் தொகுதியாகவும் அப்போது இருந்தது. ஓயாவின் பள்ளத்தாக்கில் வயலும் விகாரையுமாகப் பழைய சிங்களக் கிராமங்கள்; மேலே தேயிலை. காங்கிரஸ் வென்ற இடங்களின் பட்டியலில் கொத்மலை வரவில்லை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் படத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், கொட்டகலையில் கே. குமாரவேலு, தலவாக்கலையில் வேலுப்பிள்ளை, நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியாவில் தொண்டமான், பாதையின் கடைசி நிலையமான பதுளையில் எஸ். எம். சுப்பையா. தேயிலைப் பெட்டியை இறக்குவதற்கு வெள்ளைக்காரன் போட்ட பாதையில் ஆசனங்கள் கோத்தது போல வந்தன. பாதைக்கு விலகி மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தாவும் அளுத்நுவரையில் டி. இராமானுஜமும். இந்த ஏழு பெயர்களைத்தான் மலையகம் இன்றும் எண்ணிச் சொல்கிறது. நுவரெலியாவில் தொண்டமானிடம் தோற்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் இரத்தினம். பின்னாளில் யாழ்ப்பாண வரலாற்று ஆய்வாளராகப் பெயர் பெற்ற அதே மனிதர்.

எண்ணிக்கையில் ஏழு சிறிது. ஆனால் சேனாநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 95இல் 42 மட்டுமே. மூன்று இடதுசாரிக் கட்சிகளுக்கும் சேர்த்து 18. தமிழர் நிறுத்தப்படாத பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்ததைச் சேனாநாயக்க கணக்குப் பார்த்துவிட்டார். வெற்றியே வினையானது இங்கேதான். 1948இல் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் இந்திய பாகிஸ்தானியர் சட்டம், அதே ஆண்டில் பிரஜை அல்லாதவர் பெயரை இடாப்பிலிருந்து நீக்கிய தேர்தல் திருத்தச் சட்டம். மூன்று அடி.

இதில் பலர் கவனிக்காத ஒரு கூர்மை உண்டு. தொகுதிகள் வாக்காளர் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரிக்கப்படவில்லை. 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்று சனத்தொகையைப் பார்த்துப் பிரிக்கப்பட்டவை. வாக்குப் போனாலும் தலை எண்ணிக்கை போகவில்லை. ஆகவே தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற ஆசனங்கள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு ஆள் அனுப்பும் வேலை மிஞ்சியிருந்த மிகச் சிறுபான்மை வாக்காளர்களுக்குப் போனது. தோட்ட மக்களின் தலைகள் ஆசனத்தைக் கொண்டுவந்தன. அதில் உட்காருபவரை வேறு யாரோ தீர்மானித்தார்கள்.

1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. மலையகத் தோட்டத்து வாக்கால் மறுபடி ஒருவர் நாடாளுமன்றம் போனது 1977இல்: நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான். இடையில் 30 வருடம். வேலுப்பிள்ளை நாடாளுமன்றத்துக்குத் திரும்பவேயில்லை. தொழிற்சங்கத்திலும் எழுத்திலும் இருந்தார்; தோட்டத்து நாட்டார் பாடல்களைத் திரட்டினார்; ‘வீடற்றவன்’ என்று நாவல் எழுதினார்; 1984இல் காலமானார். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கிய சட்டம் 2003இல்தான் வந்தது.

வாக்கு பறிபோனபின் 1952இல் கொழும்பில் 140 நாள் நடந்த சத்தியாகிரகம் அடுத்த இதழில். அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் 1947 தேர்தல் நோட்டீசோ, தாத்தா பாட்டியின் பழைய குடியேற்றச் சான்றிதழோ, சந்தாத் துண்டோ கிடந்தால் எரித்துவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.